அரைப்புள்ளியும் ஒரு விண்ணப்பமும்

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் மேற்கு நோக்கிச் செல்வோர், வீடுகளும் கடைகளும் படிப்படியாகக் குறைந்து, இரு மருங்கும் வயலும் பற்றைக் காடுமாக விரிவதைக் காண்பர். அவ்வழியிலே உள்ளது கரடியனாறு. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் கரையை எழுவான்கரை என்றும், மேற்கே அது படும் கரையைப் படுவான்கரை என்றும் பெயரிட்டு வாழும் மட்டக்களப்பு மக்களுள், படுவான்கரைப் பக்கத்தாரின் சீவனம் பெரும்பாலும் நெல்லும் மாடுமாகும். சென்ற மாரிப்போகத்தின் அறுவடைக் காலத்தில், மாசி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வூருக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. உறவினர் வீட்டு விசேடத்திற்கே சென்றோம். ஆனால் அங்கே நாம் அதிக நேரம் இருந்தது பந்தலில் அன்று. ஒரு கடிதத்தின் முன்னாலேயே இருந்தோம்.

நாம் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பிப்பவர் என்பதை யாரோ சொல்லிவிட்டார்கள். உண்டு முடித்துக் கை கழுவு முன்பே, முதியவர் ஒருவரும் அவருடைய பேரனாகிய இளைஞர் ஒருவரும் ஒரு கடித உறையுடன் வந்து நின்றனர். இளைஞர் உயர்தரப் பரீட்சை எழுதியவர். ஊர்க் கமக்காரர் சிலர் கூடி, யானையினால் விளைந்த சேதத்திற்கு நட்டஈடு கோரி, தலைநகரிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. அதற்கு வந்த பதில்தான் உறையில் இருந்தது.

முதியவர் சொன்னார்: “ஐயா, யானை வந்தது ஊருக்கே தெரியும். மறுகா ஏன் இவங்க மழையப் பத்திக் கேக்காங்க?”

பதிலை வாசித்தோம். மழை பிந்தியதால் ஏற்பட்ட பயிர் அழிவுக்கான நட்டஈடு வேறொரு பிரிவின் பொறுப்பு என்றும், அதனை அங்கே விண்ணப்பிக்குமாறும், யானையினால் முறிந்த வேலியின் பெறுமதியை மட்டும் தமக்கு அறிவிக்குமாறும் அதில் எழுதியிருந்தது. பின்னர் இளைஞர் தம் கைத்தொலைபேசியில் வைத்திருந்த விண்ணப்பத்தின் பிரதியைக் காட்டினார். அதன் ஆங்கிலம் பிழை மலிந்ததன்று. சொற்கள் சரி, எழுத்துக்கூட்டல் சரி, காலங்காட்டும் வினைகளும் சரி. ஆயினும் விடயம் முழுவதையும் தாங்கிய அந்த ஒரு வாக்கியம் இவ்வாறு இருந்தது. அதன் அமைப்பு மாறாமல் தமிழில் தருகிறோம்:

“இம்முறை மழை பிந்தியது, வடபுற வயல்களில் வேளாண்மை அழிந்தது, யானைகள் இரண்டு தடவை வந்தன, தென்புறத்தில் வேலி முறிந்தது, எமக்கு நட்டஈடு வேண்டும்.”

ஐந்து முழு வாக்கியங்கள். அவற்றுக்கிடையே நான்கு காற்புள்ளிகள். எதனால் எது நேர்ந்தது என்பது எழுதியவரின் மனத்தில் மட்டும் இருந்தது. மேசையில் இருந்து வாசித்தவர், அடுத்தடுத்து நின்றவற்றைச் சோடி சேர்த்தார்: மழை பிந்தியது, ஆகவே வேளாண்மை அழிந்தது, யானைகள் வந்தன, ஆகவே வேலி முறிந்தது. அவர் அப்படிச் சேர்த்ததைக் குற்றமென்று நம்மாற் சொல்ல முடியவில்லை. வாக்கியம் அதற்கு இடங்கொடுத்திருந்தது. உண்மையோ வேறு. மழை பிந்தியபோதிலும் பயிர் தப்பிக் குடலைப் பருவம் வரை வந்து நின்றது; அதை மிதித்தும் தின்றும் அழித்தவை யானைகளே.

ஆங்கிலத்தில் இரண்டு முழு வாக்கியங்களைக் காற்புள்ளி ஒன்றினால் மட்டும் இணைப்பது பெரும்பிழையாகக் கருதப்படும். இப்பிழையை நாம் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான விடைத்தாள்களில் சிவப்பு மையால் வட்டமிட்டு வருகிறோம். நகரத்துப் பிள்ளை, கிராமத்துப் பிள்ளை என்ற பேதம் இதில் இல்லை. கவனக்குறைவு என்று சொல்லித் தட்டிக்கழிக்கவும் கூடாது. இதன் வேர் நம் தாய்மொழியில் இருக்கிறது என்பது எமது எண்ணம், சற்றே விளக்குவோம்.

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று இறுதியில் வருவது. பொதுவாக ஒன்றே வருவது. அதற்குமுன் எத்தனை செயல்கள் நிகழ்ந்தாலும் அவை எச்சமாக நின்று அந்த முற்றை நோக்கியே நகரும். “மழை பெய்து, குளம் நிறைந்து, வான் பாய்ந்து, வயல் மூழ்கியது” என்னும் வாக்கியத்தில் நான்கு செயல்கள் உள்ளன, முற்று ஒன்றே. பெய்து, நிறைந்து, பாய்ந்து என்பவை வினையெச்சங்கள். எச்சம் என்ற பெயரே தான் முடியவில்லை, எஞ்சி நிற்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. ஆகவே அவற்றிடையே காற்புள்ளி இட்டால் போதும். இடாமலே விட்டாலும் பொருள் கெடாது. “பெய்ததால்” என்றால் காரணம். “பெய்தும்” என்றால் முரண். “பெய்தால்” என்றால் நிபந்தனை. செயல்களுக்கிடையேயுள்ள உறவைச் சொல்லின் ஈறே சுமந்து செல்கிறது. குறியீட்டுக்கு அங்கே அதிக வேலை இல்லை.

ஆங்கிலத்தின் இயல்பு வேறு. மழை பெய்தது என்றால் அங்கே ஒரு வாக்கியம் முடிந்தேவிட்டது. அடுத்து வரும் ‘குளம் நிறைந்தது’ என்பது தன் எழுவாயும் தன் வினையும் உடைய இன்னொரு முழு வாக்கியம். இவை இரண்டையும் நம் பிள்ளைகள் எச்சங்களைக் கோப்பது போலக் காற்புள்ளியாற் கோத்துவிடுகிறார்கள். ஈறு செய்யும் வேலையைத் தமிழில் அனுபவித்த மனம், ஆங்கிலத்தில் அந்த ஈறு இல்லை என்பதை மறந்துவிடுகிறது. கரடியனாற்று இளைஞரும் அதையே செய்தார்.

அப்படியானால் இணைப்பது எப்படி? வழிகள் சில உண்டு. முற்றுப்புள்ளி இட்டு இரண்டாகப் பிரித்துவிடலாம்; இதில் ஒருபோதும் தவறு நேராது, ஆனால் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டே போனால் நடை கல்லுடைப்பதுபோல் ஒலிக்கும். ‘அன்ட்’, ‘பட்’, ‘ஓர்’, ‘சோ’ போன்ற சிறு இணைப்புச் சொற்களில் ஒன்றை இட்டு, அதன்முன் காற்புள்ளி வைக்கலாம். மூன்றாவது வழிதான் அரைப்புள்ளி. இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே முழுமையுடையனவாயிருந்து, கருத்தால் நெருங்கியனவாயும் இருந்து, இடையே இணைப்புச் சொல் இல்லாதபோது அரைப்புள்ளி அங்கே தக்க குறியாகும். “மழை பெய்தது; குளம் நிறைந்தது.” இவ்விடத்தில் அரைப்புள்ளி இரண்டு செய்திகளைச் சொல்கிறது: முன்னது முடிந்தது, ஆயினும் பேச்சு முடியவில்லை.

மண்முனைத்துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படுமுன், வாவியைக் கடக்கப் ‘பாதை’யில் ஏறியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். (வெளியூர் வாசகர்களுக்கு: மட்டக்களப்பில் பாதை என்றால், ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவை.) எழுவான்கரை எழுவான்கரையாகவே இருந்தது, படுவான்கரையும் அவ்வாறே, இடையில் நீர் இருந்தது, போக்குவரத்தும் இருந்தது.

சோதனை ஒன்று சொல்லிக் கொடுப்போம். எழுதிய வாக்கியத்தில் அரைப்புள்ளி நிற்கும் இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். இரு பக்கமும் தனித்து நின்று பொருள் தருமாயின் அரைப்புள்ளி அங்கே இருக்கலாம். ஒரு பக்கம் நொண்டுமாயின் அதற்கு அங்கே இடமில்லை. ‘பிகாஸ்’, ‘வென்’, ‘இஃப்’, ‘ஓல்தோ’ என்று தொடங்கும் தொடர் தனித்து நிற்காது. அது தமிழ் எச்சத்தின் ஆங்கிலத் தம்பி. “குளம் நிறைந்தது; ஏனெனில் மழை பெய்தது” என்று தமிழில் எழுதுகிறோம், வழக்கில் அது பொருந்துகிறது. அதைப் பார்த்து ஆங்கிலத்தில் ‘பிகாஸ்’ என்பதன்முன் அரைப்புள்ளி இடுவோர் பலர். அங்கே அது தவறு.

இதைவிடப் பெரிய இடறுகல் ‘ஹவெவர்’, ‘தெயர்போர்’, ‘மோரோவர்’ என்னும் சொற்கள். ‘பட்’ என்பதும் ‘ஹவெவர்’ என்பதும் பொருளில் ஒன்றுதானே, இரண்டுக்கும் தமிழில் ‘ஆனால்’ என்றுதானே அகராதி சொல்கிறது என்று மாணவர் கேட்பர். பொருளில் ஒன்றே, பதவியில் வேறு. ‘பட்’ இணைப்புச் சொல். அதற்கு இரு வாக்கியங்களைப் பிணைக்கும் அதிகாரம் உண்டு. ‘ஹவெவர்’ வினையடை போன்றது. அது தான் நிற்கும் வாக்கியத்துக்கே உரியது. பிணைக்கும் வலிமை அதற்கு இல்லை. அதனை வாக்கியத்தின் முதலிலும் வைக்கலாம், நடுவிலும் நகர்த்தலாம், கடைசியிலும் தள்ளலாம். ‘பட்’ என்பதை அவ்வாறு நகர்த்த முடியாது. இந்த நகரும் தன்மையே இரண்டையும் வேறுபடுத்தி அறியும் வழி. ஆகவே இரு முழு வாக்கியங்களுக்கிடையே ‘ஹவெவர்’ வருமானால், அதற்குமுன் அரைப்புள்ளியும் பின் காற்புள்ளியும் வேண்டும். இம்முன்பின்னை மாற்றி இடுவோரைப் பட்டதாரிகளிடையேயும் கண்டிருக்கிறோம். வெட்கத்துடன் சொல்வதானால், ஆசிரியரிடையேயும் கண்டிருக்கிறோம்.

இந்தச் சிறு குறி பிறந்த இடம் இத்தாலி தேசத்து வெனிஸ் நகரம். அங்கே அச்சுக்கூடம் நடத்திய ஆல்டஸ் மனூட்டியஸ் என்பவர், 1494 ஆம் ஆண்டளவில், காற்புள்ளிக்கும் முக்காற்புள்ளிக்கும் நடுவே ஒரு நிறுத்தம் வேண்டுமென எண்ணி இதனை ஆக்குவித்தார். எழுத்து வார்க்கும் அச்சுகளைச் செதுக்கிக் கொடுத்தவர் பிரான்செஸ்கோ கிரிபோ என்ற கைவினைஞர். எத்னா எரிமலை ஏறிய அனுபவத்தைப் பியெத்ரோ பெம்போ எழுத, ஆல்டஸ் 1496 இல் அச்சிட்ட சிறு நூலிலே அக்குறி இடம்பெற்றது. பின்னர் ஆங்கிலத்துக்கும் சென்றது. (கிரேக்க மொழியிலோ இதே வடிவம் வினாக்குறியாக வழங்குகிறது. ஏதென்ஸ் நகரத்துப் பிள்ளை நம் பிள்ளையின் கட்டுரையைப் பார்த்தால், எதற்காக இத்தனை கேள்விகள் என்று திகைக்கக்கூடும்.)

தமிழுக்கு இக்குறிகள் அச்சின் வழியாகவே வந்தன. ஏட்டில் முற்றுப்புள்ளியும் இல்லை, காற்புள்ளியும் இல்லை. மெய்யெழுத்தின் தலைப்புள்ளியைக்கூட ஏடெழுதினோர் இடாமல் விடுவது வழக்கம். வைகாசியில் மட்டக்களப்புக் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை படிப்போர், ஏட்டிலே நிறுத்தக்குறி ஏதுமின்றியே தங்குமிடம் அறிந்து பாடி வந்தனர். செய்யுளுக்குச் சீரும் அடியும் நிறுத்தம் காட்டின. உரைநடைக்கு அந்த உதவி இல்லை. நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர், பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உதவியவர். ஆங்கில நூல்களின் அச்சமைதியை நெருங்கிக் கண்டவர். 1849 இல் வண்ணார்பண்ணையில் தமது அச்சியந்திரசாலையை நிறுவிய பின், பெரியபுராண வசனம் முதலாகத் தாம் வெளியிட்ட உரைநடை நூல்களில் இக்குறிகளை அளவறிந்து கையாண்டார். சைவம் காக்க எழுந்தவர், மிஷனரிமாரின் சமயத்தை மறுத்தார். அவர்தம் அச்சுக்கலையையும் அரைப்புள்ளியையும் மறுக்கவில்லை. இக்குறியைத் தொடரிசைக்குறி என்றும் பெயரிட்டு வழங்கியதுண்டு. அரைப்புள்ளி என்ற பெயர் நிறுத்தத்தின் அளவை மட்டுமே கூறுகிறது. தொடரிசை என்பதோ, நின்றபின்னும் தொடர்கிறது என்ற அதன் தொழிலையே கூறுகிறது. பின்னைய பெயர் மறைந்ததில் நமக்கு வருத்தமே.

மட்டக்களப்பு மண் தந்த விபுலாநந்த அடிகளை ஈண்டு நினைக்காமல் இருக்க முடியவில்லை. காரைதீவில் 1892 இல் பிறந்த அவர், இமயச் சாரலில் மாயாவதியிலிருந்து வெளிவந்த ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கிலத் திங்களிதழுக்கு ஆசிரியராயும் இருந்தார். 1947 இல் வெளிவந்த யாழ் நூலைத் தமிழில் ஆக்கினார். இரு மொழியிலும் எழுத வேண்டுமாயின் ஒன்றின் இலக்கணத்தை மற்றதன்மேல் ஏற்றக்கூடாது என்பதற்கு அவரைவிட வேறு சான்று தேட வேண்டியதில்லை.

ஒரு புள்ளியில் இவ்வளவு இருக்கிறதா என்று முதியவர் கேட்டார். அவருக்குச் சொன்ன வரலாற்றை வாசகர்களுக்கும் சொல்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஜெர்மானிய நாசித் தலைவர்களை நூரெம்பேர்க் நகரில் விசாரிப்பதற்கான பட்டயம் 1945 ஆகஸ்ட் 8 ஆம் நாள் லண்டனில் ஒப்பமிடப்பட்டது. மானிடத்துக்கு எதிரான குற்றங்களை வரையறுத்த உறுப்பில், குடிமக்களைக் கொல்லுதல், அழித்தொழித்தல், அடிமைப்படுத்தல் முதலியவற்றை ஒருபுறமும், அரசியல், இனம், சமயம் பற்றிய துன்புறுத்தல்களை மறுபுறமும் வைத்து, நடுவே ஓர் அரைப்புள்ளி நின்றது. நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குட்பட்ட வேறொரு குற்றத்தோடு தொடர்புற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை, அரைப்புள்ளிக்குப் பின்னேயுள்ள பகுதியில் இருந்தது. ஆகவே முன்பகுதி அந்த நிபந்தனைக்குக் கட்டுப்படாமல் தனித்து நின்றது. ஆனால் ருஷ்ய மொழிப் பிரதியிலோ அங்கே காற்புள்ளி இருந்தது. நான்கு வல்லரசுகளின் பிரதிநிதிகளும் 1945 அக்டோபர் 6 ஆம் நாள் பெர்லினில் கூடித் தனியான ஓர் உடன்படிக்கை எழுதி, ஆங்கிலப் பிரதியின் அரைப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றினர். அதன் பயனாக நிபந்தனை இரு பகுதிகளையும் பற்றிக்கொண்டது. 1946 இல் தீர்ப்புரைத்த நீதிபதிகள், போர் தொடங்குமுன் ஜெர்மனிக்குள் யூதர் முதலியோருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளின் கோரத்தை ஒப்புக்கொண்டனர். ஆயினும் அவற்றைப் பொதுவில் அவ்வகைக் குற்றமெனத் தீர்ப்பளிக்கத் தம்மால் இயலாது என்றனர். இலக்கணப்படி அங்கே இருந்தவை இரண்டு முழு வாக்கியங்கள் அல்ல என்பதை நம் மாணவர் சுட்டிக்காட்டுவர், சரியே. குறியின் வன்மையைக் காட்டவே இதனைச் சொன்னோம்.

அரைப்புள்ளியே வேண்டா என்போரும் உளர். அமெரிக்க நாவலாசிரியர் கேர்ட் வொனகட் 2005 இல் வெளியிட்ட தம் நூலொன்றில், இளம் எழுத்தாளர்கள் அதனைத் தொடவே கூடாது என்று கேலியாக எழுதினார். கதை எழுதுவோருக்கு அது ஒருவேளை பொருந்தலாம். நட்டஈடு கேட்போருக்குப் பொருந்தாது என்பது எமது துணிபு. இந்நாட்டில் சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள். 1987 இல் வந்த பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்கிறது. இணைப்பு மொழியில் எழுதும்போது வாக்கியங்களை இணைக்கத் தெரியாமற் போனால், போடியாருக்கும் கமக்காரருக்கும் நேர்வது என்னவென்று கண்ணாற் கண்டோம். அவர்கள் தமிழிலேயே எழுதியிருக்கலாமே என்று கேட்டோம். “தமிழில் எழுதினால் மொழிபெயர்க்கக் காலம் செல்லும் சேர்” என்றார் இளைஞர். அதற்கு நம்மிடம் மறுமொழி இருக்கவில்லை.

மா மரத்தின் கீழ் இருந்து விண்ணப்பத்தைத் திருத்தினோம். திருத்தினோம் என்பதிலும், இளைஞரையே திருத்தச் செய்தோம் என்பது பொருந்தும். முதலில் நடந்ததை நடந்த முறையில் தமிழில் சொல்லச் சொன்னோம். குறியீட்டால் மட்டும் தீரும் நோயன்று அது, செய்திகளின் வரிசையும் மாற வேண்டியிருந்தது. “மழை பிந்தினாலும் வேளாண்மை தப்பிற்று” என்றார். ‘பிந்தினாலும்’ என்பதிலுள்ள ‘உம்’மை ஆங்கிலத்தில் எங்கே வைப்பீர் என்று கேட்டோம். சற்று யோசித்து, ‘ஹவெவர்’ என்று எழுதி, அதற்குமுன் அரைப்புள்ளியும் பின் காற்புள்ளியும் இட்டார். பின்னர் விண்ணப்பம் இவ்வடிவம் பெற்றது:

“இம்முறை மழை பிந்தியது; ஆயினும், வேளாண்மை தப்பிக் குடலைப் பருவத்தை அடைந்தது. அதன்பின் யானைகள் இரண்டு தடவை வந்தன. முதல் தடவை வடபுற வயல்களை அழித்தன. இரண்டாம் தடவை தென்புற வேலியை முறித்தன. இவ்விரு சேதங்களுக்கும் நட்டஈடு கோருகிறோம்.”

முதியவருக்கு இதைத் தமிழில் வாசித்துக் காட்டினோம். அவர் கண்ணை மூடிக் கேட்டு, இரண்டாம் தடவை யானை வந்தது விடியற்காலம் என்பதையும் சேர்க்க வேண்டும் என்றார். பேரன் சேர்த்தார், சேர்த்தபோது ‘வென்’ என்பதன்முன் ஓர் அரைப்புள்ளியையும் போட்டுவிட்டார். நாம் விரலை அதன்மேல் வைத்ததும், தாமே சிரித்து அழித்தார்.

விண்ணப்பம் மறுநாட் காலை செங்கலடித் தபாற் கந்தோரிலிருந்து பதிவுத் தபாலில் சென்றதாகப் பின்னர் அறிந்தோம். சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து இரு வாரத்தில் அலுவலர் இருவர் வந்து, வடபுற வயலையும் தென்புற வேலியையும் அளந்து குறித்துச் சென்றதாக இளைஞர் தொலைபேசியில் தெரிவித்தார். பணம் இன்னும் வந்து சேரவில்லை.